எட்டு மணி மாத்திரை

டெய்லர் பொய் சொல்கிறார் என்று மருந்தாளுநருக்குத் தோன்றியது அந்தப் பதினான்கைப் பார்த்த பிறகுதான். அதற்கு முன் எட்டு மாதமாக, இவரைப் போல ஒழுங்கான நோயாளி இந்த ஆஸ்பத்திரியிலேயே இல்லை என்று அவளே வாய் நிறையச் சொல்லி வந்திருக்கிறாள்.

பதினான்கு என்பது டெய்லருடைய ரத்தத்தில் இருந்த மருந்தின் அளவு. டெய்லருக்குள் வேலை செய்துகொண்டிருப்பது அவருடைய அக்காவின் சிறுநீரகம். கூடப் பிறந்தவளுடையது என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தவர் சொந்தமா, திருடனா என்று பார்க்காமல் பாய்கிற நாயைப் போல அது சிறுநீரகத்தின் மேல் பாயும். பாயவிடாமல் கட்டி வைப்பதற்கு ஒரு மாத்திரை. காலை எட்டு மணிக்கு மூன்று, இரவு எட்டு மணிக்கு மூன்று. மருந்து குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைக் கடித்துவிடும். கூடினால் மருந்தே கடித்துவிடும். டெய்லருக்கு அந்த அளவு ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். எட்டு மாதம் நின்றது. அதற்கப்புறம் திடீரென்று பதின்மூன்று வந்தது. கூடவே கிரியேட்டினினும் ஏறியது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண் அது, ஏறினால் கெடுதல். ஒன்று புள்ளி இரண்டில் இருந்தது ஒன்று புள்ளி ஐந்தானது.

"மருந்து கூடிப்போச்சு, கிட்னிக்கு ஒத்துக்கலை" என்று பெரிய டாக்டர் வேளைக்கு மூன்றை இரண்டாகக் குறைத்தார். மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். அப்போது வந்ததுதான் இந்தப் பதினான்கு. கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஏழு.

பானையிலிருந்து மொள்ள மொள்ளத் தண்ணீர் கூடுமா? கூடினால் யாரோ ஊற்றுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

புதுச் சிறுநீரகத்தோடு வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் மருந்தாளுநர் ஒரு அட்டை வைத்திருந்தாள். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எதோடு சேரக் கூடாது, அடுத்த ரத்தம் எப்போது, போன தடவை அவள் என்ன கேட்டாள், அவர்கள் என்ன சொன்னார்கள், எல்லாம் அதில் இருக்கும். மொத்தம் இருபத்து மூன்று அட்டை. அவர்கள் கையில் கொடுப்பதற்கு அவளே எழுதிய ஒரு தாளும் உண்டு. வரும்போது மீதி மாத்திரையைக் கொண்டுவர வேண்டும், எண்ணிப் பார்ப்பாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'சி.ஐ.டி. அம்மா' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

பதினான்கு வந்த அன்று டெய்லரையும் அவர் மனைவியையும் மருந்தகத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஒரு வேளையாவது விட்டுப்போச்சா?"

"சத்தியமா இல்லைம்மா."

"கூடப் போட்டீங்களா?"

"கூடப் போட்டுக்க அது என்ன மிட்டாயாம்மா?" டெய்லர் சிரித்தார். மெலிந்த முகம்; கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கடையிலிருந்து நேராக வந்திருந்தார்.

"சிரிக்காதீங்க. சளி மருந்து, தோல்ல வர்ற படைக்குப் போடுற மாத்திரை, வலி மாத்திரை? யாராவது கொடுத்த பொடி, கஷாயம்?"

"நான் கொடுக்கிறதைத் தவிர அவர் வாயில எதுவும் போறதில்லை" என்றாள் மனைவி. டெய்லர் தைக்கும் துணிக்கெல்லாம் பித்தான் கட்டுகிறவள் அவள். பேசும்போதும் கைவிரல்கள் எதையோ முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தன.

"அதைத்தான் கேக்குறேன். நீங்க என்ன கொடுக்கிறீங்க?"

"நீங்க எழுதினதை."

"நேரம்?"

"எட்டு மணி. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. போன்ல மணி அடிக்கும்."

அதில் மருந்தாளுநர் குறை காண முடியாது. அவள் சொல்லிக்கொடுத்த பாடம்தான். முதல் நாளே எல்லோரிடமும் சொல்லுவாள்: "எட்டு மணின்னா எட்டு மணி. வீடு பத்தி எரிஞ்சாலும் மொதல்ல மாத்திரையைப் போடுங்க, அப்புறம் தண்ணி ஊத்துங்க." நோயாளிகள் சிரிப்பார்கள். சிரித்தாலும் மறக்க மாட்டார்கள்.

மாத்திரையை எண்ணினாள். கச்சிதம். அதுதான் அவளை உறுத்தியது. எந்த வீட்டிலும் ஒன்றாவது உருண்டு கட்டிலுக்கடியில் போகும். இங்கே இத்தனை மாதத்தில் ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. மடியில் கனம் இருக்கிறவர்கள்தானே இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைப்பார்கள்? போதாததற்கு ஒரு மாத்திரை அட்டையிலிருந்து தனியாக வெட்டப்பட்டு, காகிதத்தில் மடித்து இருந்தது.

"இது ஏன் தனியா?"

"கத்தரி பட்டுடுச்சு" என்றாள் மனைவி. சொல்லும்போது கண் மருந்தாளுநரின் மேல் இல்லை, சுவரில் இருந்தது.

'மனைவி – கவனிக்க' என்று அன்று டெய்லரின் அட்டையில் எழுதினாள்.

பெரிய டாக்டர் வேளைக்கு ஒன்றாகக் குறைத்துவிடலாம் என்றார். மருந்தாளுநர் தடுத்தாள். "எங்கிருந்து கூடுதுன்னு தெரியாம குறைச்சா, அவங்க இன்னும் கூட்டுவாங்க சார். பத்து நாள் கொடுங்க. கண்டுபிடிக்கிறேன்."

"பத்து நாள்தான். அடுத்த ரத்தத்துல பத்துக்கு மேல வந்தா குறைச்சே ஆகணும். அந்தக் கிட்னி போச்சுன்னா அவருக்குக் கொடுக்க வேற ஆள் இல்லை."

அவள் வேலையைத் தொடங்கினாள். அதே பெட்டி மருந்து வாங்கிய மற்றவர்களின் அட்டைகளை எடுத்துப் பார்த்தாள். இரண்டு பேருக்கு அளவு கூடியிருந்தது. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, அதனால் கூடும். இன்னொருவர் வெளிக் கடையில் படைக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருந்தார், அதனாலும் கூடும். காரணம் கிடைத்ததும் அந்த அட்டைகளை மூடிவிட்டாள். டெய்லரின் லேப் சீட்டுகளைப் பார்த்தாள். 'கடைசியாக மருந்து எடுத்த நேரம்: நேற்று இரவு 8' என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. பழுது சொல்ல எதுவுமில்லை. மிச்சம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மதியம் டெய்லரின் அக்கா தனியாக வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். உட்காரும் முன்பே இடுப்பின் இடது பக்கத்தைத் தொட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்துச் சிறுநீரகம்தான் தம்பிக்குப் போயிருந்தது.

"வெளியே சொன்னா வெட்கக்கேடு. ஆனா உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?" என்று நாற்காலியை முன்னால் இழுத்தார். "அந்தப் பொண்ணு மேல எனக்கு நம்பிக்கை இல்லை."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"நான் போறப்பல்லாம் ரெண்டு டம்ளரை வச்சுக்கிட்டு ஏதோ கலக்கி அவன்கிட்ட கொடுக்கிறா. என்னன்னு கேட்டா சுடுதண்ணிங்கிறா. சுடுதண்ணியை யாராவது அவ்வளவு நேரம் கலக்குவாங்களா? அவ சித்தப்பா ஒருத்தர் பொடி விக்கிறவர். உடம்பு தேறும்னு எதையாவது தலையில கட்டியிருப்பார்."

"உங்க தம்பியைக் கேட்டீங்களா?"

"அவனா? பொண்டாட்டி விஷத்தைக் கொடுத்தாலும் இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேக்குற ஜாதி." டீச்சர் மறுபடி இடுப்பின் இடது பக்கத்தைத் தொட்டுக்கொண்டார். "அது என் கிட்னிங்க. மத்தவங்க பணத்தைக் கொடுப்பாங்க, நகையைக் கொடுப்பாங்க. நான் வயித்தைக் கிழிச்சுக் கொடுத்திருக்கேன். போச்சுன்னா இன்னொன்னு எடுத்துக் கொடுக்க முடியுமா?"

மருந்தாளுநருக்கு எல்லாம் பொருந்திவிட்டது. சுவரைப் பார்த்த கண், கச்சிதமான கணக்கு, டம்ளர். பொருந்தாதது ஒன்றே ஒன்று: ஏன்? ஆனால் சந்தேகம் பிடித்த மனசு ஏன் என்று கேட்பதற்கு நிற்பதில்லை. எப்படிப் பிடிப்பது என்றுதான் பார்க்கும்.

ரத்தம் கொடுக்கிற அன்று அவர்களுக்குத் தெரியாமல் போய் நின்று பார்ப்பது என்று முடிவு செய்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனிதர், பையோடு ஒரு மனைவி. கொடுக்கிறதை அங்கேதான் கொடுத்தாக வேண்டும். லேப் முன்பு வார்டை ஒட்டி இருந்தது. ஐந்து வாரமாகத்தான் பின்பக்கப் புதுக் கட்டடத்தில் இயங்குகிறது. அதற்கு வந்த சுற்றறிக்கையை அவளும் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் அந்தப் பக்கம் போனதில்லை. அவள் வேலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். முன் வாசலில் நுழைந்தால் மருந்தகம், மருந்தகத்தை விட்டால் முன் வாசல்.

அன்று ஏழே முக்காலுக்கே வந்துவிட்டாள். புதுக் கட்டடத்தின் நடைகூடத்தில் இரும்பு நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. சுவரில் டோக்கன் எண் காட்டும் பலகை அணைந்து கிடந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். மூன்றாவது வரிசையில் டெய்லர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி, மடியில் பை. டீச்சர் இரண்டு நாற்காலி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எங்கிருந்தோ ஒரு போன் மணி அடித்தது. மனைவி பையைத் திறந்தாள். சின்ன டப்பா ஒன்றை எடுத்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். எதையோ டெய்லரின் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

மருந்தாளுநர் பாய்ந்து போய் டெய்லரின் மணிக்கட்டைப் பிடித்தாள். "கையைக் காட்டுங்க! விரிங்க!"

"ஐயோ, முழுங்கிட்டேனேம்மா!" டெய்லர் பாதி இருமலோடு சொன்னார்.

"என்ன கொடுத்தீங்க அவருக்கு?"

மனைவி எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "என்னம்மா இது, திருடனைப் பிடிக்கிற மாதிரி? நீங்க கொடுத்த மாத்திரைதான். இந்தாங்க, டப்பா."

"எத்தனை?"

"ரெண்டு. நீங்க எழுதின ரெண்டு."

"நான் சொன்னேன்ல?" என்று டீச்சர் ஓடி வந்தார். "பையைப் பாருங்கம்மா, பையை!"

"அண்ணி, பையில உங்க தம்பியோட துண்டும் சீப்பும்தான் இருக்கு. வேணும்னா சீப்பை லேபுக்கு அனுப்புங்க."

மருந்தாளுநர் டப்பாவைப் பார்த்தாள். அவளுடைய மாத்திரைதான். "இப்ப எதுக்குக் கொடுத்தீங்க?"

"எதுக்குன்னா? மணி எட்டு."

"ரத்தம் எடுத்தாச்சா?"

"எங்கே? எட்டரைக்குத்தான் கதவே திறப்பாங்க. எங்க டோக்கன் நாப்பத்தொண்ணு. ஒன்பதரையாவது ஆகும்."

"போன தடவை?"

"போன தடவையும் ஒன்பதரைக்கு மேலதான். அதுக்கு முந்தின தடவை பத்து. இந்தப் புதுக் கட்டடம் வந்ததுலேர்ந்து இப்படித்தான். ஆனா மாத்திரை மட்டும் நேரம் தவறலை" என்றாள் மனைவி. அதைச் சொல்லும்போது குரலில் கோபத்துக்கு நடுவிலும் ஒரு நிமிர்வு இருந்தது.

"நான் எழுதிக் கொடுத்த தாள் இருக்கா?" என்றாள் மருந்தாளுநர். மனைவி பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். மடித்து மடித்து நைந்துபோன தாள். மருந்தாளுநரின் கையெழுத்து. ரத்த நாளுக்கு இரண்டே வரி: '7.30 – ரத்தம். 8.00 – மாத்திரை.' பழைய லேபில் ஏழரைக்கு ஊசி குத்திவிடுவார்கள். எட்டு மணிக்கு மாத்திரை. இரண்டும் இடிக்கவில்லை. முதல் வரி முடிந்த பிறகுதான் இரண்டாவது வரி என்று அவள் எங்கேயும் எழுதவில்லை. எழுத அவசியம் இருந்ததில்லை. லேப் நேரம் மாறிய அன்று அந்த இரண்டு வரியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. எதை விடுவது என்று வந்தபோது, வீடு பற்றி எரிந்தாலும் விடக் கூடாது என்று அவள் சொன்னதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மருந்து ரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கிற நேரத்தில், அதாவது அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்னால், அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். விழுங்கி ஒன்றரை மணி நேரத்தில் அளந்தால் அது வெள்ளம் போகிற ஆற்றைப் போய் அளந்த கதை. பதின்மூன்றும் பதினான்கும் வெள்ளம். அந்த வெள்ளத்தைப் பார்த்துத்தான் மருந்தைக் குறைத்திருந்தார்கள்.

லேப் ஜன்னலைத் தட்டி உள்ளே இருந்த நர்ஸிடம் கேட்டாள். "கடைசியா மருந்து எடுத்த நேரம்னு எழுதுறீங்களே, கேட்டுத்தான் எழுதுறீங்களா?"

"எல்லாரும் ராத்திரி எட்டுன்னுதானே சொல்லுவாங்க மேடம்? கூட்டத்துல எங்க கேக்குறது, காலையில வந்ததுமே எழுதி வச்சிடுவோம்."

பெரிய டாக்டரின் அறைக்கு அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். கதவைத் தட்டக்கூட மறந்துவிட்டாள்.

"பிடிச்சிட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"பிடிச்சிட்டேன் சார். என் தாள்தான்." எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எதையும் லேபின் மேல் தள்ளவில்லை. தள்ளியிருந்தால் பாதிதான் பொய்யாக இருந்திருக்கும்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "அப்ப மருந்து கூடலை."

"இல்லை."

"பின்னே கிரியேட்டினின் ஏன் ஏறுது?"

பதில் இரண்டு பேருக்கும் தெரியும். மருந்து கடிக்கவில்லை என்றால் உடம்பு கடிக்கிறது. அதுவும், இவர்கள் கட்டைத் தளர்த்திவிட்ட பிறகு, இன்னும் வசதியாக.

"இன்னிக்கே சேருங்க. நாளைக்குக் காலையில மாத்திரைக்கு முன்னாடி ரத்தம், வார்டுலயே. பயாப்ஸிக்கு சொல்லிடறேன்." எழுந்தவர் நின்றார். "இதே தாள் வேற எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

அன்று மதியத்துக்குள் அவள் மீதி இருபத்திரண்டு வீட்டுக்கும் போன் செய்தாள். புது லேபில் ரத்தம் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். அன்றைக்குக் காலையில் மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஏழு பேர், பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளைகளைப் போல, "கரெக்டா எட்டு மணிம்மா!" என்றார்கள். வயிற்றுப்போக்குக்காரரும் படைக்கு மாத்திரை சாப்பிட்டவரும் அதில் இருந்தார்கள். ஏழு பெயரையும் தனித்தாளில் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு டாக்டரின் மேஜையில் வைத்தாள்.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு எடுத்த ரத்தத்தில் டெய்லரின் அளவு மூன்று புள்ளி எட்டு. இருக்க வேண்டியதில் பாதி. கிரியேட்டினின் இரண்டைத் தொட்டிருந்தது. பயாப்ஸி சொன்னதும் அதையேதான்: உடம்பு பாய ஆரம்பித்துவிட்டது, ஆனால் இன்னும் ஆரம்பம்தான். அந்தப் பாய்ச்சலை அடக்க அன்றே மூன்று நாள் மருந்து நரம்பு வழியாக ஏறத் தொடங்கியது. மாத்திரை பழையபடி வேளைக்கு மூன்று.

"வேளைக்கு ஒண்ணா குறைச்சிருந்தோம்னா, இப்ப சிகிச்சையைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்" என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

வார்டில் கட்டிலின் இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் டீச்சர். மருந்தாளுநர் கட்டில் காலடியில் நின்று நடந்ததைச் சொன்னாள். யார் மேலும் தப்பு இல்லை, தாளை எழுதினவள் மேல்தான் என்றாள்.

டீச்சர் தம்பி மனைவியைப் பார்த்து, "அப்ப அந்த டம்ளர்ல என்னதான் கலக்குறே?" என்றார்.

"சுடுதண்ணி அண்ணி. ஆத்துறேன். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தா உங்க தம்பி கத்துவார்."

"அதைச் சொல்றதுக்கென்ன?"

"நூறு தடவை சொன்னேன்."

"என் கிட்னி மேல இருக்கிற அக்கறையிலதான் கேட்டேன்."

"அக்கா, தைச்சுக் கொடுத்த சட்டையை வாசல்ல நின்னு திருப்பிக் கேக்குற மாதிரியே பேசுறியே. அது இப்ப என்னோடது" என்றார் டெய்லர். ஊசி குத்திய கையை அசைக்காமல் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகாமல் அன்று முழுக்க அங்கேயே இருந்தார்.

ஆறாம் நாள் கிரியேட்டினின் ஒன்று புள்ளி நான்குக்கு இறங்கியது. இதற்குக் கீழே இறங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இறங்காமலும் போகலாம் என்றார் டாக்டர். பழைய அளவுக்கும் இதற்கும் நடுவே இருந்த அந்தத் துளி எங்கே போனது என்று மருந்தாளுநருக்குத் தெரியும்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டெய்லரின் மனைவி தனியாக மருந்தகத்துப் பக்கத்து அறைக்கு வந்தாள். மருந்தாளுநரே முதலில் பேசினாள்.

"உங்களைச் சந்தேகப்பட்டேன். அட்டையிலகூட எழுதி வச்சேன். இப்ப அதை அடிச்சு நீக்கிட்டேன்."

"நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன்" என்றாள் அவள், குரல் மாறாமல். "மாத்திரை மாத்திக் கொடுக்கிறீங்களோன்னு. ஒண்ணை வெட்டி வெளிக் கடையில காட்டினேன். அவங்க நல்ல மாத்திரைதான்னாங்க. அவங்களையும் நான் முழுசா நம்பலை."

மருந்தாளுநர் புதுத் தாளை நீட்டினாள். அவள் வாங்கி, விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தாள். ரத்த நாளுக்கு எதிரே எந்த நேரமும் இல்லை. 'ரத்தம் எடுக்கும்வரை மாத்திரை இல்லை' என்று மட்டும் இருந்தது.

"எடுக்கப் பதினொண்ணு ஆச்சுன்னா?"

"ஆகக் கூடாது. உங்களை முதல்ல கூப்பிடணும்னு லேபுல சொல்லியிருக்கேன்."

"சொல்லியிருக்கீங்க. அவங்க கூப்பிடலைன்னா?"

"எனக்குப் போன் பண்ணுங்க."

"நீங்க ஒன்பதுக்குத்தானே வருவீங்க?"

"ரத்த நாள்ல இனிமே ஏழரைக்கு வந்துடுவேன். அங்கேயே நிப்பேன்."

அவள் நிமிர்ந்து மருந்தாளுநரின் முகத்தைப் பார்த்தாள். துணியில் எங்கே நூல் விட்டிருக்கிறது என்று தேடுகிற பார்வை. பிறகு மேஜையில் இருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்து, தாளின் ஓரத்தில் தன் கையெழுத்தில் 'அம்மா 7.30' என்று எழுதிக்கொண்டாள்.

"பார்ப்போம்" என்றாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.